கேஸ் அடுப்புக்கு நம் குழுவின் விதிகள்



ஒரு காலத்தில் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் சவுக்கு விறகுதான் அடுப்பு எரித்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் வேலிக்காத்தான் முள். 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுக்க ஆரம்பித்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இன்று நம் குழுக்களில் கேஸ் இல்லாத வீடு மிகக் குறைவு. புகை போச்சு, கண் எரிச்சல் போச்சு, விறகு பொறுக்கும் நேரமும் மிச்சம்.

வீட்டோடு நிற்கவில்லை. இட்லிக் கடை, கடற்கரையில் மீன் வறுவல் கடை, பலகாரம், ஊறுகாய், விசேஷ வீட்டுச் சமையல் என்று நம் உறுப்பினர்கள் பலர் கேஸை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைப்பவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான்.

இத்தனை பேர் புழங்கும் பொருளுக்கு நம் தீர்மான நோட்டில் ஒரு வரி விதியாவது இருக்கிறதா? சேமிப்புக்கு விதி வைத்திருக்கிறோம். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் அபராதம் போடுகிறோம். கேஸுக்கு மட்டும் "ஏஜென்சிக்காரர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறோம். இந்த இதழில் கேஸ் எப்படிப்பட்டது, வீட்டில் என்ன செய்ய வேண்டும், தொழிலில் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மாதிரித் தீர்மானமும் கொடுத்திருக்கிறோம்.

கேஸின் மூன்று குணங்கள்

இந்த மூன்றும் புரிந்துவிட்டால் எந்த விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் குணம்: அது கனமானது. சமையல் கேஸ் என்பது புரோபேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை எடை அதிகம். கசிந்தால் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவும், பள்ளத்தில் தேங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் போதாது, வாசல் கதவும் திறக்க வேண்டும் என்பது இதனால்தான். (சில ஊர்களில் குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர் எதிர். அது காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம் சேரும்.)

இரண்டாவது குணம்: அது பெருகும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். எட்டடிக்கு எட்டடி சமையலறையை அந்த அளவுக்கு ஆபத்தாக்க அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கேஸ் போதும். தரையோடு தேங்கினால் அதைவிடக் குறைவே போதும். நம் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

மூன்றாவது குணம்: அதற்குச் சொந்தமாக வாடை கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஜலதோஷம் பிடித்திருந்தால் அந்த வாடை தெரியாது. கருவாடு காயும் வீட்டிலும், மீன் கழுவும் இடத்திலும் தெரியாமல் போகலாம். எனவே கடலோரக் குப்பங்களில் இருக்கும் சகோதரிகள் மூக்கை மட்டும் நம்பாமல், மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்லது. ரெகுலேட்டர் மாட்டும் இடம், டியூபின் இரண்டு முனை, அடுப்புத் திருகு ஆகிய இடங்களில் சோப்பு நுரையைத் தடவுங்கள். முட்டை முட்டையாகக் குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சிலிண்டர் வரும்போது: கேஸ் போடுபவர் அவசரத்தில் இருப்பார். நாம் அவசரப்படக் கூடாது. மூன்று விஷயம் பாருங்கள்.

1. எடை. சிலிண்டரின் மேல் பட்டையில் வெற்று எடை எழுதியிருக்கும். அது 15.8 என்றிருந்தால், கேஸ் 14.2 சேர்த்து 30 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை. தராசு கொண்டு வர வேண்டியது அவர் கடமை.

2. தேதி. அதே பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்ற ஆங்கில எழுத்து ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பி 29 என்றால் 2029 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். இந்த எழுத்துகளை உங்கள் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

3. வாஷர். மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியதும் அவரையே கசிவு சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு மூடியை நூலோடு சிலிண்டரிலேயே விட்டு வையுங்கள். கசிவு வந்தால் அந்த மூடிதான் முதல் காவல்.

சிலிண்டர் வைக்கும் இடம்: எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இடமில்லாமல் சிலிண்டரையும் அடுப்பையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். கசிந்தால் கேஸ் நேராகத் தீயிடம் போகும். நாலு செங்கல் அடுக்கி ஒரு கடப்பைக் கல் போட்டால்கூட மேடை தயார். மூடிய அலமாரிக்குள் வைத்தால் அடியில் காற்று போக ஓட்டை இருக்க வேண்டும்.

சாமி விளக்கு: சமையலறை மூலையிலேயே சாமி மாடம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தரையில் எரியும் காமாட்சி விளக்கும் சிலிண்டரும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். விளக்கைக் கூடத்துக்கு மாற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பிரிட்ஜும் தானாக ஓடி நிற்கும்போது உள்ளே சிறு பொறி உண்டாகும். அதையும் சமையலறைக்கு வெளியே வைப்பது நல்லது.

டியூப்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா டியூபை மட்டும் வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. "நல்லாத்தானே இருக்கு" என்று வெளிப்பார்வைக்குத் தோன்றும். எலி கடித்த இடமும் வெடிப்பும் மடிப்பின் அடியில் இருக்கும். கடலோரத்தில் உப்புக் காற்றில் ரெகுலேட்டர், பர்னர், சிலிண்டரின் அடிவளையம் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத் தரையில் வைக்காமல் கீழே மரச் சட்டம் போட்டு வையுங்கள்.

விட வேண்டிய பழக்கம்: கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பது, சாய்த்து உலுக்குவது, வெந்நீரில் நிறுத்துவது. "இன்னும் ரெண்டு நாள் வரும்ல" என்பார்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே டியூபில் வந்து தீ திடீரென்று பெரிதாக எழும். ரெண்டு நாள் கேஸுக்காக நாம் அந்த ஆபத்தை வாங்கக் கூடாது.

படுக்கப் போகும் முன் அடுப்புத் திருகு, ரெகுலேட்டர் இரண்டையும் மூட வேண்டும். அடுப்பை மட்டும் மூடினால் ராத்திரி முழுவதும் டியூபில் அழுத்தம் நின்றுகொண்டே இருக்கும்.

தொழிலில்: சிவப்பா, நீலமா?

நம் கூட்டங்களில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இது. வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைக் கடைக்குக் கொண்டு போவது தப்பு என்று பலருக்குத் தெரியும். ஆனால் கடைக்கான 19 கிலோ நீலச் சிலிண்டருக்கு விலை அதிகம், ஜி.எஸ்.டி.யும் 18 சதவீதம். வீட்டுச் சிலிண்டருக்கு 5 சதவீதம்தான். ஒரு நாளைக்கு நூறு இட்லி விற்கும் அக்காவிடம் "சட்டம் இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஆகவே காரணத்தையும் வழியையும் சேர்த்தே சொல்கிறோம்.

சட்டம்: மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் பிறப்பித்த ஆணைப்படி வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம், வழக்கும் வரும். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு கேஸ் மாற்றுவதும் குற்றம். அது உயிருக்கே ஆபத்து. கடற்கரைக் கடைகளில் பெயர் இல்லாத, முத்திரை இல்லாத குட்டிச் சிலிண்டர்களைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் இப்படி மாற்றி நிரப்பிய கேஸ்தான் இருக்கும். அவற்றை யாரும் சோதிப்பதில்லை.

காப்பீடு: எண்ணெய் நிறுவனங்கள் நுகர்வோருக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. கேஸ் விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்று இருக்கிறது. ஆனால் பொருள் சேதம் என்பது இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால்தான். சிவப்புச் சிலிண்டர் கடையில் வெடித்தால் கடையும் போகும், அந்தப் பணமும் போகும். குழுவில் வாங்கிய கடன் மட்டும் நிற்கும். தவணை மற்ற பதினோரு பேர் தலையில் விழும். எனவே இது அந்த ஒரு உறுப்பினரின் சொந்த விஷயம் ஆகாது, குழுவின் விஷயம்.

வழி: சின்னக் கடைக்கு 19 கிலோ பெரிதாகத் தெரிந்தால், 5 கிலோ சிலிண்டர் கடைச் சந்தை விலையில் கிடைக்கிறது. இந்தியன் ஆயிலில் அதற்கு 'சோட்டு' என்று பெயர். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம். இன்னொன்று, தொழில் கடனுக்குத் திட்டம் எழுதும்போது பாத்திரம், மாவு அரைவை என்று எழுதுகிறோம். அதிலேயே நீலச் சிலிண்டரின் வைப்புத் தொகை, ரெகுலேட்டர், டியூப் செலவையும் எழுதுங்கள். இட்லி விலை வைக்கும்போதும் நீலச் சிலிண்டர் விலையைக் கணக்கில் வைத்தே லாபம் பாருங்கள். வீட்டுச் சிலிண்டர் விலையில் கணக்குப் போட்டுக் கிடைக்கும் லாபம் உண்மையான லாபம் இல்லை.

கடை அடுப்பு: பெரிய பர்னருக்கு அழுத்தம் அதிகமான ரெகுலேட்டர் போடுகிறார்கள். அதில் வீட்டு டியூபை மாட்டினால் தாங்காது, அதற்கென்று உள்ள டியூபைத்தான் போட வேண்டும். வறுக்கும் எண்ணெய்ச் சட்டியும் சிலிண்டரும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது.

கடற்காற்று: மாமல்லபுரம், கோவளம், தேவனேரி கடற்கரைக் கடைகளில் காற்று அடித்துத் தீ அணைந்துவிடும். தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் இருக்கும் நேரத்தில் கவனிக்க மாட்டோம், திரும்ப வந்து லைட்டரைத் தட்டுவோம். மூன்று பக்கமும் தகர மறைப்பு வையுங்கள், ஆனால் சிலிண்டர் மறைப்புக்கு வெளியே இருக்கட்டும். தீ அணைந்தால் திருகை மூடி, சில நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு பற்ற வையுங்கள். காற்றுக்காக மணலில் பள்ளம் தோண்டி அடுப்பும் சிலிண்டரும் வைப்பது கூடவே கூடாது. கனமான கேஸ் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும்.

எத்தனை சிலிண்டர்? எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி, உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் சமையல் கேஸ் வைக்கக் கூடாது. 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்தால் விதி மீறல். விசேஷச் சமையல் எடுக்கும் குழுக்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 8 அன்று ராஜஸ்தான், ஜோத்பூர் மாவட்டம் பூங்ரா கிராமத்தில் ஒரு கல்யாண வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசேஷ வீட்டில் சமையல் நடக்கும் இடமும் ஜனங்கள் கூடும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். எரியும் சிலிண்டர் தவிர மற்றவை வெளியே, நிழலில் இருக்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள், விதியை மீறிப் பெட்டிக்குள் சிலிண்டர் கொண்டு வந்திருந்தார்கள். அடைத்த பெட்டிக்குள் சமைத்ததுதான் வினையானது. நம் குழுக்களும் வேன் பிடித்து மேல்மருவத்தூர், திருப்பதி என்று போகிறோம். ஓடும் வண்டிக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

பள்ளிச் சமையலறை: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்ததை யாராலும் மறக்க முடியாது. சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி வகுப்பறைக்குப் போனது. அங்கே எரிந்தது விறகு அடுப்பு. ஆனால் பாடம் ஒன்றுதான். அடுப்புக்கு மேல் கீற்றும் கூடாது, அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தைகளும் கூடாது. காலை உணவு சமைக்கும் சகோதரிகள், அடுப்பு எரியும்போது பிள்ளைகளைச் சமையலறைக்குள் விடாதீர்கள். கிளம்பும் முன் ரெகுலேட்டரை மூடியதை ஒருவர் பார்த்து இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

வாடை வந்தால் என்ன செய்வது?

1. எரியும் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள்.
2. லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். பேன் போட்டு கேஸை விரட்டலாம் என்று நினைக்காதீர்கள்.
3. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டு மூடியைப் போடுங்கள்.
4. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அழைத்துப் போங்கள்.
5. வெளியே வந்த பிறகு செல்போனை எடுங்கள். கேஸ் கசிவுக்கு 24 மணி நேர உதவி எண் 1906. தீயணைப்புக்கு 101.

சிலிண்டர் வாயில் சிறு தீ பிடித்தால், ஈரச் சாக்கைப் போர்த்தி ரெகுலேட்டரை மூடலாம் என்று தீயணைப்புத் துறையினர் செய்து காட்டுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டும், தீ சிறிதாக இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். பெரிய தீ என்றால் எதையும் எடுக்க உள்ளே போகாதீர்கள். நகையும் நோட்டும் திரும்ப வரும், உயிர் வராது.

உடம்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. முகத்தைக் கையால் மூடித் தரையில் உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட விடுங்கள். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். இங்க், பேஸ்ட், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். நமக்கு அருகில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. சமைக்கும்போது நைலான் புடவை, நைலான் நைட்டி வேண்டாம், பருத்தியே நல்லது.

விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். காவல் நிலையப் புகார், மருத்துவமனைச் சீட்டு, கேஸ் புத்தகம், டியூப் வாங்கிய ரசீது எல்லாம் காப்பீட்டுக்குத் தேவைப்படும். டியூப் ரசீதைத் தூக்கிப் போடாமல் கேஸ் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.

தீர்மான நோட்டுக்கு ஒரு மாதிரி

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்து, எல்லோரும் பேசி, தேவையானதைச் சேர்த்து நிறைவேற்றலாம்.

"நமது குழு இன்று ஒருமனதாகத் தீர்மானிப்பது:

1. ஒவ்வொரு உறுப்பினர் வீட்டு டியூபின் தேதியும் குழு நோட்டில் எழுதப்படும். ஐந்து வருடம் ஆன டியூபை மாற்ற உள்கடன் முன்னுரிமையோடு வழங்கப்படும்.
2. சிலிண்டர் நிமிர்ந்தும், அடுப்பு அதைவிட உயரத்திலும் இருக்கும்.
3. மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் சோதனை செய்து கூட்டத்தில் சொல்லப்படும்.
4. உணவுத் தொழில் கடன் கேட்பவர் கடைச் சிலிண்டர் செலவைத் திட்டத்தில் காட்ட வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் நடக்கும் கடைக்குப் புதுக் கடன் இல்லை. ஏற்கெனவே நடக்கும் கடைகளுக்கு மாற்றிக்கொள்ள மூன்று மாத அவகாசம்.
5. முத்திரை இல்லாத சிலிண்டரை யாரும் வாங்க மாட்டோம்.
6. 1906, 101, 108 எண்கள் ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும் எழுதப்படும்.
7. வருடம் ஒரு முறை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துச் செயல்முறை விளக்கம் நடத்தப்படும். வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்."

நான்காவது விதிதான் சண்டை வரக்கூடிய விதி. "நீங்க சொல்றது சரி மேடம், ஆனா கட்டுப்படியாகாதே" என்று சிலர் சொல்வார்கள். அவர்களை விலக்கி வைக்காமல், அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நாலு கடைகள் சேர்ந்து ஒரே ஏஜென்சியில் இணைப்பு எடுக்கலாமா, ரெகுலேட்டரைக் குழுவின் சுழல் நிதியில் வாங்கித் தவணையில் கழிக்கலாமா என்று பாருங்கள். கடன் கொடுக்கும்போது திருப்பிக் கட்டுவாரா என்று பார்க்கும் நாம், அந்தக் கடை பத்திரமாக நடக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

தீர்மானம் நிறைவேற்றிய குழுக்கள் அதன் நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். தீயணைப்பு நிலையத்தாரின் விளக்கத்துக்குத் தேதி வாங்குவதில் களப் பணியாளர்கள் உங்களோடு இருப்போம்.